தண்ணி குடிக்காத துணி

பாப்பா இன்னும் ஒண்ணுக்குப் போகவில்லை. பால் குடித்து அரை மணி நேரம் ஆகப்போகிறது, போகாமல் எங்கே போய்விடும், இப்போதோ அப்போதோ என்று பாயோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த நந்தகோபால், ஐந்து மாதத்து மகளின் இரண்டு பாதங்களையும் ஒரு கையால் சேர்த்துத் தூக்கி, மறுபடி குனிந்து பார்த்தான். மணி பதினொன்றே முக்கால். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. ஒரு வேளைக்கு அரை மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, இடுப்பில் ஒரு நூல்கூட இல்லாமல் காற்றாடப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கீழே ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த வேட்டித் துண்டு, அதன்மேல் நிலானி மகாராணி, கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்து மூக்கில் குத்திக்கொண்டு கிடந்தாள். உள் அறையில் அவன் பெண்டாட்டி கௌசல்யா தூங்குகிறாள். பாப்பாவுக்கு இடுப்பில் புண் கண்ட இந்த ஒன்பது நாளில் இன்றைக்குத்தான் மனுசி பகலில் கொஞ்சம் கண் அசந்திருக்கிறாள். பாப்பா ஒண்ணுக்குப் போனால் அழும், அழுதால் இவள் எழுந்துவிடுவாள். அந்த அழுகை! முதலில் கால் இரண்டையும் வயிற்றோடு இழுத்துக்கொள்ளும், முகம் ரத்தமாகும், வாய் திறக்கும், ஆனால் சத்தம் வராது, ஒரு நொடி, ஒன்றரை நொடி, அந்த நேரத்துக்குள் பெற்றவன் செத்துப் பிழைக்க வேண்டும், பிறகு வரும் பாருங்கள் ஒரு கத்தல், லைன் வீட்டில் எட்டு வீட்டுக் கதவும் திறக்கும். சொந்த மூத்திரம் சொந்தத் தோலைச் சுடுகிறது, அதை யாரிடம் போய்ச் சொல்லும் அந்தச் சிறுசு.

போகட்டும், இல்லை, நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் போகாமல் இருக்கட்டும். மருந்து போட ஆரம்பித்து மூன்று நாள். தோல் இன்றைக்கு நேற்றைப் போல இல்லை, நன்றாக இருக்கிறது, நிச்சயமாக நன்றாக இருக்கிறது, இல்லை, வெளிச்சம்தான் அப்படிக் காட்டுகிறதா? பாயோடு சேர்த்துக் குழந்தையை ஜன்னல் பக்கம் இழுத்தான். அதற்கு அது ஏதோ தேரோட்டம் என்று நினைப்பு, கை கால் உதறிச் சிரித்தது. சிரிக்கிறாள், அப்படியானால் எரியவில்லை, இல்லை, இப்போது எரியவில்லை, ஒண்ணுக்குப் போகும்போதுதானே எரியும். பதினோரு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த கண் சும்மா இருக்குமா. எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, தையல் விட்டது, எதுவானாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த பனியனை எடுக்கிற கை அவனுடையது. மனசுக்குள் இப்போதும் ஒட்டினான். சிவந்த திட்டுக்கு வலது தொடை மடிப்பில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, புட்டத்தில் மூன்று. வியாழக்கிழமை ஒட்ட இடமே இல்லை. தொடை இடுக்கு, புட்டம், முன்பக்கம் எல்லாம் தோல் உரித்த தக்காளியாட்டம் ஒரே சிவப்பு, மடிப்புக்குள் பளபளவென்று ஈரம், அந்தச் சிவப்புக்கு வெளியே தெறித்துவிட்ட மாதிரி பொடிப் பொடிப் புள்ளி. வெளியே இருக்கிற அந்தப் புள்ளியைக் காட்டித்தான், "ஈரத்துலயே கெடந்து பூஞ்சை புடிச்சிருக்குது" என்று டாக்டரம்மா சொன்னார். நேற்று பதினொரு புள்ளி. இன்றைக்கு ஏழு. திரும்ப எண்ணினான், எட்டு. ஏழா எட்டா, அந்த ஒன்று கொசுக்கடியாகவும் இருக்கலாம், கொசுக்கடியைக் கணக்கில் சேர்க்கலாமா. ஏழு என்றே வைத்துக்கொள்வோம் என்று தனக்குத் தானே பாஸ் போட்டுக்கொண்டான். கம்பெனியில் இப்படிப் பாஸ் போட்டால் மேனேஜர் மென்று துப்பிவிடுவார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கோபியிலிருந்து, தாய்வீட்டிலிருந்து, கௌசல்யா குழந்தையோடு திருப்பூர் வந்து இறங்கியபோது இந்தத் தோலில் ஒரு பொட்டு மாசு கிடையாது. பன்னிரண்டு நாள் கழித்துச் சிவக்க ஆரம்பித்தது. உடனே ஆளுக்கு ஆள் வைத்தியர் ஆகிவிட்டார்கள். எதிர்வீட்டு ராஜாமணியக்கா பவுடரைக் கொட்டச் சொன்னார், கொட்டினார்கள், அது மூத்திரத்தோடு சேர்ந்து மடிப்புக்குள் கட்டி கட்டியாக நின்று இன்னும் அறுத்தது. பவுடர் பேச்சையே எடுக்காதீங்க, அது மூச்சுல போனா நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டரம்மா அதற்கும் ஒரு திட்டு திட்டினார். இன்னொருத்தர் இது அக்கி, காவி பூசுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் மேல் காங்கேயத்திலிருந்து வீடியோ காலில் அவன் அக்கா, பூங்கொடி. மூன்று பெற்றவள், மூன்றையும் வளர்த்துக் கல்யாண வயசுக்குக் கொண்டுவந்தவள், அவள் பேச்சுக்கு மறுபேச்சு அந்தக் குடும்பத்தில் இன்றைக்கு வரைக்கும் யாரும் பேசியதில்லை. "ஏண்டா நந்து, அவ என்னத்தத் திங்கறா?" என்றாள். "ரெண்டு கீத்து மாம்பழம் தின்னேனுங்க நங்கை" என்று கௌசல்யாவே முந்திக்கொண்டு நாத்தனாரிடம் சொன்னாள். "அதான பாத்தேன். தாயி சூட்டப் புடிச்சா பாலு சூடாகும், பாலு சூடானா புள்ளைக்கு எறங்கற எடமெல்லாம் வெந்துதான் போகும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள் அக்கா. அன்றைக்கு மாம்பழம் நின்றது. மறுநாள் கோழி, அதற்கு மறுநாள் முட்டை, தக்காளி, கத்திரிக்காய், புளி, அப்புறம் பருப்புகூட. ஒவ்வொரு போன் காலுக்கும் ஒரு சாமான் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் சோறும் சீரகத் தண்ணியும் பீர்க்கங்காயும் மட்டும் நின்றன. அவனுக்குத் தனியாகக் குழம்பு வைத்துப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவள் அந்தப் பத்தியச் சோற்றைத் தின்றாள். நடுவில் ஒரு நாள், பசி தாங்காமல் அவித்த முட்டையில் பாதியைத் தட்டில் வைத்துக்கொண்டாள். அதை எடுத்தவன் யார்? நந்தகோபால்தான். "வேண்டாம் கௌசி, பாப்பாவுக்காகத்தான" என்று நல்ல மனசோடு, மெதுவாக, அவள் தட்டிலிருந்து எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டான். தின்றும் தொலைத்தான். சீ. அந்தப் பாதி முட்டை மூன்று நாளாக அவன் தொண்டையிலேயே நிற்கிறது.

பாப்பா காலை ஆட்டியது. வருகிறதா? இல்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஓய்ந்தார்கள், அந்தச் சத்தத்துக்கு ஆடியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் குக்கர் இரண்டாவது விசில். கறி வாசனை. மூன்றாவது விசிலுக்குள் போய்விடுவாள் என்று சும்மா ஒரு கெடு வைத்துக்கொண்டான், வைத்ததும் பயந்துபோய் வேண்டாம், நாலாவது என்று மாற்றினான். அந்தத் துணி. எந்தப் பக்கம் சுற்றினாலும் நினைப்பு அந்தத் துணியில் வந்துதான் முட்டுகிறது. குழந்தை வருகிறது என்று தெரிந்த நாளிலேயே இடுப்புத் துணி என் பொறுப்பு என்று சொல்லிவிட்டான். கம்பெனியில் வெட்டி மிச்சமான இன்டர்லாக் பின்னல் துணி, சாயம் ஏறாத வெள்ளை, அதில் இரண்டு டஜன் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் குத்தாமல் இருக்கத் தானே உட்கார்ந்து ஓரம் அடித்தான். வெளியே போனால்தான் டயப்பர், வீட்டில் துணிதான். தினமும் வேலைக்குப் போகும் முன் அவனே துவைத்துக் காயப் போட்டான். லைன் வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். "நந்து, எங்க வூட்டுக்காரருக்கும் கொஞ்சம் பாடம் எடு சாமி" என்று ராஜாமணியக்கா சொல்லப்போக, அதற்குப் பிறகு அவன் துவைக்கிற கல்லில் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே அடித்தான். அத்தோடு விட்டானா? இங்கேதான் திருப்பூர்க்காரன் புத்தி குறுக்கே வந்தது. துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே இது இன்ன நூல், இன்ன பதம் என்று சொல்கிறவன் அவன், கம்பெனியில் பெயரே தொட்டுச்சொல்றவர். துவைத்துக் காய்ந்த துணி கொஞ்சம் மொரமொரவென்று இருந்தது அவன் கைக்குப் பிடிக்கவில்லை. என் மகளுக்கு மொரமொரப்பா? சாயப்பட்டறையில் வேலை செய்கிற சிநேகிதன் பழனிவேலிடம் கேட்டு, வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக்குக் கடைசி அலசலில் போடுகிற சிலிக்கான் சாஃப்ட்னரில் ஒரு சின்ன கேன் வாங்கி வந்தான். கஞ்சித் தண்ணியாட்டம் இருக்கும். கடைசி வாளியில் ஒரு மூடி. ஒரு மூடி ஒன்றரை மூடியாகி, இரண்டானது. அப்பா, என்ன ஒரு மெது! கன்னத்தில் வைத்தால் கன்னம் வழுக்கியது. கௌசல்யா தொட்டுப் பார்த்து, "என்னங்க இது, பட்டு தோத்துரும்போல" என்று சொன்னபோது கர்வத்தில் அவனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வியாழக்கிழமை டாக்டரம்மா முன்னால் அந்தக் கேன் நினைப்பு வந்ததா என்றால் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. இல்லை, வந்ததா? இதைத்தான் மூன்று நாளாகத் தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்கிறான். டாக்டரம்மா வயசானவர், கறார்ப் பேர்வழி, குழந்தையைத் தொடுவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறவர். "ஈரத் துணியில எவ்வளவு நேரம் வெச்சிருக்கீங்க?" என்றார். "ஈரமே படறதில்லீங்க, உடனே மாத்திருவோம்" என்றாள் கௌசல்யா. "வைப்ஸ் போட்டுத் தேய்க்கறீங்களா? வாசனை கீசனை ஒண்ணும் வேண்டாம். வெறும் தண்ணி, பஞ்சு. முன்னாலிருந்து பின்னால தொடைக்கோணும், பொம்பளப் புள்ளை. தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கோணும். நல்லாக் காஞ்ச பொறவு இந்த மருந்தை மெலிசா, அதுக்கு மேல இந்த வெள்ளைக் களிம்பை நல்லாத் தடிமனா. செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கறாப்பல. அடுத்த தடவை அதை முழுசும் சொரண்டி எடுக்காதீங்க, அழுக்கானதை மட்டும் எடுத்துட்டு மேலயே பூசுங்க." கடைசியில் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்து, "துணி எதுல தொவைக்கறீங்க?" என்றார். "சோப்புலதானுங்க" என்றான். பொய்யா? சோப்பில்தானே துவைத்தான். சாஃப்ட்னர் துவைக்கிற சாமான் இல்லையே, அது துவைத்து முடித்த பிறகு போடுகிறது, பலகாரத்துக்கு நெய் ஊற்றுகிற மாதிரி, அதை யார் குற்றத்தில் சேர்ப்பார்கள். அப்படித்தான் நினைத்தான். ஈரமே படறதில்லீங்க என்று அவள் சொன்னாள் பாருங்கள், அந்த வார்த்தையிலாவது அவனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா, துணி ஏன் நனைவதே இல்லை என்று? தொழில்காரன்தானே? தட்டவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை தட்டியது, ஒரேயடியாகத் தலையிலேயே தட்டியது. கம்பெனியில் துணியைச் சோதிக்கிற லேபில் சரோஜினியம்மா, பாத்திரம் துடைக்கிற துண்டு ஒரு லாட்டை மேஜை மேல் பரப்பி வைத்திருந்தார். தண்ணி உறிஞ்சவில்லை என்று பையர், சரக்கு வாங்குகிறவர், திருப்பிவிட்டது. கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி ஒரு குழாயால் ஒரு சொட்டுத் தண்ணியைத் துணியில் விட்டுக் கடிகாரத்தை அமுக்கினார். நல்ல துணி என்றால் சொட்டு விழுந்த கையோடு குடித்துவிட வேண்டும். இது குடிக்கவில்லை. சொட்டு அப்படியே முத்தாட்டம் துணி மேல் நின்றது. பத்து வினாடி, இருபது, நாற்பது. துணியைச் சாய்த்தார், சொட்டு உருண்டு மேஜைக்குப் போனது. "சாஃப்ட்னரை அள்ளிக் கொட்டியிருக்கானுங்க, நந்து. தொட்டா சொகம். தண்ணி மட்டும் உள்ள போகாது, மேலயே நிக்கும்" என்றார் அந்த அம்மா, தலையைக்கூடத் தூக்காமல். மேலேயே நிற்கும். துணியில் இறங்காத மூத்திரம் எங்கே நிற்கும், தோலில் நிற்கும். தொடை இடுக்கில் நிற்கும். துணி காய்ந்துகிடக்கும், தொட்டுப் பார்க்கிற அப்பன் ஆகா ஈரமே இல்லை என்று சந்தோஷப்படுவான், உள்ளே பிள்ளை ஊறிக் கிடக்கும். என்ன வேலை பண்ணி வைத்திருக்கிறேன் நான்! பதினோரு வருஷச் செக்கிங்! உலகத்தில் உள்ள சரக்குக்கெல்லாம் அம்பு ஸ்டிக்கர் ஒட்டியவன், முதல் ஸ்டிக்கரைத் தன் நெற்றியில் ஒட்டியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் இரண்டு டஜனையும் கொதிக்கிற தண்ணியில் போட்டு எடுத்தான், ஆறு தரம் அலசினான், சொட்டு விட்டுப் பார்த்தான், அப்போதும் திமிராக மேலேயே நின்றது. மொத்தத்தையும் ஒரு சாக்குப் பைக்குள் திணித்துப் பரண் மேல் எறிந்துவிட்டு, பீரோவிலிருந்து தன் பழைய பருத்தி வேட்டி இரண்டை எடுத்துக் கிழித்தான். கட்டிக் கட்டி நூறு தடவை துவைத்த வேட்டி. சொட்டு விட்டான், விட்ட இடம் தெரியவில்லை, குடித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஏனுங்க, எதுக்கு வேட்டியைக் கிழிச்சீங்க?" என்று கௌசல்யா கேட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "பழசுதான, சும்மா கெடந்துச்சு" என்றான். கோழை. ஏன் சொல்லவில்லை? பயமா, அவள் திட்டுவாள் என்றா? அவள் திட்டினால் நல்லதுதானே. அக்காவுக்குத் தெரிந்தால் கேவலம் என்றா? அதுவும்தான். பாப்பாவுக்கு முதலில் ஆறட்டும், ஆறின பிறகு சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது, இதுதான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். அந்த நியாயத்தைப் பேசிக்கொண்டே நேற்று ராத்திரியும் இன்று காலையும் அவள் சீரகத் தண்ணியை ஊற்றிச் சோற்றைப் பிசைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேடிக்கை என்னவென்றால், சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வேளையும் சேர்ந்துகொண்டே போகிறது. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் ஒரு தப்பு. இப்போது சொன்னால் இத்தனை சாப்பாடும் அதில் சேர்ந்துவிடும்.

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. பாப்பா கையை உதறுவதை நிறுத்தியது. நிறுத்தி, விட்டத்தில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி, ரொம்பப் பெரிய யோசனையில் இருப்பது மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டது. ஐயோ, இதுதான். இந்த முகம் அவனுக்குத் தெரியும். சாமி, சாமி, கொஞ்சம் இரு, அப்பா பக்கத்துல இருக்கறேன் என்று முட்டியில் நகர்ந்து இரண்டு கையையும் நீட்டினான், என்ன பிடிப்பதற்கு என்று அவனுக்கே தெரியாது. வெதுவெதுவென்று அவன் மணிக்கட்டில் பட்டது. சின்னதாக ஒரு வளைவு, ஜன்னல் வெயிலில் மின்னி, அவன் சட்டைக் கையில் விழுந்து, தொடை மடிப்பு வழியாக இறங்கி, சிவந்த இடத்தின் மேலேயே ஓடி, வேட்டித் துண்டில் போய் மறைந்தது. நந்தகோபால் மூச்சை நிறுத்தினான். இப்போது காலை இழுப்பாள். இழுத்தாள், ஒரு கால்தான், இழுத்து அதன் பெருவிரலைக் கையால் பிடித்தாள். இப்போது முகம் சிவக்கும். வாய் திறக்கும். திறந்தது. அந்த நொடி வந்தது, ஒரு நொடி, ஒன்றரை, அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், இரண்டு நொடி, மூன்று. "ங்கூ" என்றாள். கண்ணைத் திறந்து பார்த்தான். பெருவிரலை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழவே இல்லை! எரியவில்லை அவளுக்கு! ஒண்ணுக்குப் போனது அவளுக்குத் தெரியக்கூட இல்லை! நந்தகோபால் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, விம்மி விம்மி அழுதான். ஆம்பளை அழுகிறான் என்று பாப்பா அவன் முடியைப் பிடித்து இழுத்து வேடிக்கை பார்த்தாள்.

"ஏனுங்க? என்னாச்சு? பாப்பாக்கு என்னங்க?"

கௌசல்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்து, கண் பாதி திறந்து, முகம் வெளுத்திருந்தது. குழந்தை அழுதுதான் ஒன்பது நாளும் எழுந்தாள், இன்றைக்குப் புருஷன் அழுது எழுந்திருக்கிறாள்.

"ஒண்ணுமில்ல கௌசி. ஒண்ணுக்குப் போனா. அழுகல."

"அழுகலையா?"

"அழுகல. வெரலைச் சப்பறா பாரு."

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தூக்கிப் பார்த்து, மெதுவாகத் தண்ணியால் கழுவி, ஒத்தி எடுத்து, மறுபடியும் பார்த்தாள். தேறியிருப்பது அவள் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் அவள் முகத்தில் அவன் எதிர்பார்த்த வெளிச்சம் வரவில்லை. "பத்தியம் வேலை செய்யுதுங்க. நங்கை சொன்னது சரிதான். இன்னும் ஒரு மாசம் இப்படியே இருந்தர்றேன்" என்றாள்.

இன்னும் ஒரு மாசம். அதற்கு மேல் நந்தகோபாலால் முடியவில்லை. சொல்லிவிட்டான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பரணில் கிடக்கிற சாக்குப் பையிலிருந்து ஆரம்பித்து, கேன், மூடி, மூடிக்கு இரண்டு மூடி, லேபில் நின்ற சொட்டு, கிழித்த வேட்டி, டாக்டரம்மாவிடம் சோப்பு என்று சொன்னது, வெள்ளிக்கிழமையிலிருந்து தெரியும் என்பது வரைக்கும், முன்னுக்குப் பின் முரணாகக் கொட்டினான். "தப்பு என்னுதுதான் கௌசி. முழுசும் என்னுது. திட்டு. ரெண்டு அடி வேணும்னாலும் அடி" என்று முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். திட்டு வரும் வரும் என்று பார்த்தான். வரவில்லை. நிமிர்ந்தான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை, தன் மார்பைக் கையால் பொத்தியபடி குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எம் பாலுல ஒண்ணுமில்லையா?" என்று கேட்டாள்.

"உம் பாலுக்கு என்ன கௌசி? ஒண்ணுமில்ல. தங்கமாட்டம் பாலு."

"நெசமாவா?"

"நம்ம பாப்பா மேல சத்தியமா."

"நாளைக்கு நிறுத்திட்டு டின் பாலுக்கு மாத்திரலாம்னு இருந்தனுங்க" என்றாள் கௌசல்யா. "ஒவ்வொரு தடவை வாயில வெக்கறப்பவும், எம் பாலே எம் புள்ளையச் சுடுதே, மன்னிச்சுக்கோ சாமி, மன்னிச்சுக்கோ சாமின்னு சொல்லிச் சொல்லித்தானுங்க குடுத்தேன். நேத்து, இன்னைக்குக் காலையில கூட."

நந்தகோபால் சோற்றையும் முட்டையையும் மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தானே ஒழிய, அவள் மூன்று நாளாக, அவன் ஒரு வார்த்தையில் இறக்கி வைத்திருக்கக்கூடிய இந்தச் சுமையோடு ஒவ்வொரு வேளையும் பால் கொடுத்தாள் என்பது அவன் புத்திக்கு எட்டவேயில்லை. கையை நீட்டி அவள் பாதத்தைத் தொட்டான். அவள் காலை உதறவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்கக்காவுக்குப் போன் போடுங்க. இப்பவே. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கோணும்" என்றாள். போட்டான். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒரு வாரமாக இதே மணிக்குப் பயந்தவனுக்கு, இப்போது அக்கா எடுத்தால் போதும் என்றிருந்தது.

கௌசல்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வேறொரு காய்ந்த வேட்டித் துண்டில் குழந்தையை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பசி நேரம் இல்லை, ஆனாலும் அது முகத்தைத் திருப்பித் தேடிப் பிடித்துக்கொண்டது. அவள் அதன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"குடி சாமி" என்றாள். "நல்ல பாலுதானாம்."